இளவேனிலில் வந்த பின்பனி

ஆண்டினை ஆறு பருவங்களாக வகுத்துக் கண்டவர் நம் முன்னோர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற வரிசை பள்ளிப் பருவத்திலேயே நம் செவிக்குப் பழகிவிடுகின்றது. பின்பனி கழிந்தால் இளவேனில் வரும். வந்த இளவேனிலைத் தள்ளிவிட்டுப் பனி திரும்பி வராது. இந்த ஒழுங்கினை நாம் ஐயுற்றதில்லை.

பூமியின் வடகோடியை அடுத்த நாடுகளில் வாழ்வோருக்கு இந்த உறுதி கிடையாது. ஏப்பிரல் மாதம் பிறந்து, பகல் நீண்டு, கூரையிலிருந்து உருகிய நீர் சொட்டத் தொடங்கிய பின்னர், ஒருநாள் வடகாற்று எழும். வானம் சாம்பல் நிறம் கொள்ளும். மறுநாட் காலையிற் கதவைத் திறந்தால், முற்றமும் வயலும் மீண்டும் வெண்பனியால் மூடிக் கிடக்கும். பின்லாந்து மக்கள் இதற்குத் 'தக்கத்தல்வி' என்று பெயரிட்டிருக்கின்றனர். 'பின்னே வந்த குளிர்காலம்' என்பது அதன் பொருள். பெட்டியில் மடித்து வைத்த கம்பளிச் சட்டையை மறுபடியும் எடுத்து அணிய வேண்டிய காலம் அது. பெரும்பாலான ஆண்டுகளில் இது சில நாட் தொல்லை மட்டுமே. ஆனால், 1867ஆம் ஆண்டில் வந்த பின்குளிர் சில நாட்களில் நீங்கவில்லை. ஒரு நாட்டின் மக்களில் ஏறக்குறைய பன்னிருவருக்கு ஒருவரை இழக்கச் செய்த பெருந்துயரின் தொடக்கமாக அது அமைந்தது. அந்த வரலாற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் மொழியில் 'பனி' என்ற ஒரே சொல் பலவற்றைக் குறிக்கும். இப்பேச்சில், வானத்திலிருந்து பஞ்சு போல் விழுவதை வெண்பனி என்றும், ஏரியும் ஆறும் உறைந்து கிடப்பதைப் பனிக்கட்டி என்றும், தெளிந்த இரவில் நிலத்தின்மீதும் பயிரின்மீதும் படிந்து அவற்றைக் கருகச் செய்வதை உறைபனி என்றும் கூறுவேன். இந்த உறைபனியை நம் நாட்டிலும் சிலர் அறிவர். நுவரெலியாவில் தை மாதத்தின் சில விடியற்காலைகளில் புல்லின்மேல் வெண்மை படர்ந்திருப்பதையும், உருளைக்கிழங்குச் செடிகளின் இலைகள் கருகுவதையும் அங்குள்ள தோட்டக்காரர் கண்டிருப்பர். பின்லாந்து மக்கள் இதனை 'ஹல்லா' என்பர். அந்தச் சொல்லைக் கேட்டாலே பழைய உழவரின் நெஞ்சு நடுங்கும். கோடையின் நடுவிலும் ஓரிரவில் வந்து, ஆண்டு முழுவதற்குமான உணவைக் கொண்டுபோய்விடக் கூடியது அது.

பின்லாந்தின் தென்கரையே பூமத்திய ரேகைக்கு வடக்கே 60 பாகையளவில் இருக்கின்றது. நாட்டின் வடபகுதி துருவ வட்டத்துக்கும் அப்பால் நீண்டு செல்கின்றது. மே மாதத் தொடக்கத்தில் அந்தத் தென்கரையிற் பகற்பொழுது ஏறக்குறைய 16 மணி நேரம். ஞாயிறு இவ்வளவு நேரம் காயும்போது பனி ஏன் பெய்கின்றது என நேயர்கள் வினவலாம். நிலம் வெப்பமடையத் தொடங்கினாலும், வடமுனைக் கடல் அக்காலத்திற் பனிக்கட்டியாகவே உறைந்து கிடக்கும். அதன்மேல் தங்கியிருக்கும் கடுங்குளிர்க் காற்றுக்கும் தெற்கிலுள்ள நாடுகளுக்கும் இடையே உயர்ந்த மலைத்தடை எதுவும் இல்லை. காற்று வடக்கிலிருந்து திரும்பினால், ஒரே நாளில் இளவேனில் குளிர்காலமாகிவிடும்.

இத்தகைய நாட்டில் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர்? அவர்களது வாழ்க்கை முழுவதும் ஒரு கணக்கிலே தங்கியிருந்தது. கோடையின் சில மாதங்களில் விளைவதைக் கொண்டு நீண்ட குளிர்காலத்தைக் கடத்த வேண்டும் என்பதே அக்கணக்கு. றை என்னும் கருநிறத் தானியமும் பார்லியுமே முக்கிய உணவு. றையை ஆகஸ்ட் மாதத்தில் விதைப்பர். அது முளைத்து, குளிர்காலம் முழுவதும் வெண்பனிப் போர்வையின் கீழ் உறங்கி, மறு ஆண்டின் ஆகஸ்டில் அறுவடைக்கு வரும். வெண்பனி அளவோடு இருந்தால் அந்த இளம்பயிருக்கு அது காவல். இளவேனிலிலும் விலகாது கிடந்தால் அதன் கீழ்ப் பயிர் பூஞ்சணம் பிடித்து அழுகிவிடும். பார்லியையோ நிலம் உருகிய பின்னரே விதைக்கலாம். அது முற்ற ஏறக்குறைய மூன்று மாதம் வேண்டும். விதைப்பு ஒரு மாதம் பிந்தினால், அறுவடை உறைபனியின் வாயிற் போய் விழும்.

மேற்குப் பகுதி வீடுகளில் ஆண்டிற் சில தடவைகளே றை ரொட்டி சுடுவர். நடுவிலே துளையிட்ட தட்டையான அந்த ரொட்டிகளை நீண்ட கழிகளிற் கோத்துக் கூரையின் கீழே தொங்கவிடுவர். கழியில் எத்தனை ரொட்டி எஞ்சியிருக்கின்றது என்பதை அண்ணாந்து பார்த்தே, இளவேனில் வரை உணவு போதுமா என்பதை வீட்டுத் தலைவி அறிந்துகொள்வாள். மாடுகளுக்கும் இவ்வாறே ஒரு கணக்கு இருந்தது. கோடையில் அறுத்த வைக்கோலும், கட்டுக்கட்டாக உலர்த்திய பூர்ச்ச மர இலைகளும் புதுப்புல் முளைக்கும் வரை போதவேண்டும். ஏப்பிரல் 23ஆம் நாளான புனித ஜோர்ஜ் திருநாளில் மாடுகளை வெளியே விடுவது பழைய வழக்கம். நிலத்திற் பனி கிடந்தாலும், சடங்குக்காகச் சிறிது நேரம் வெளியே ஓட்டி மீண்டும் தொழுவத்தில் அடைப்பர். பின்குளிர் நீடித்த ஆண்டுகளில் தீனியின்றி மெலிந்து, எழுந்து நிற்கவும் வலுவற்றுப் போகும் மாடுகளை மனிதர் கைகொடுத்துத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

இளவேனிலுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளும் ஆறுகளுமே அந்நாட்டின் நெடுஞ்சாலைகள். அவற்றின்மீது குதிரை பூட்டிய சறுக்கு வண்டிகள் விரைந்து செல்லும். கோடையிற் படகுகள் ஓடும். ஆனால், பனிக்கட்டி மெலிந்து வண்டியைத் தாங்காமலும், உடைந்து படகுக்கு வழிவிடாமலும் கிடக்கும் இடைக்காலம் ஒன்று உண்டு. 'கெலிரிக்கோ', அதாவது வழி கெட்ட காலம், என அதனை அழைப்பர். அந்நாட்களில் ஊருக்கும் ஊருக்கும் தொடர்பு அற்றுப்போகும். பின்குளிர் நீடித்தால் இந்த வழிகெட்ட காலமும் நீடிக்கும்.

இனி 1867ஆம் ஆண்டுக்கு வருவோம். பின்லாந்து அப்பொழுது தனிநாடன்று. 1809ஆம் ஆண்டு முதல் ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்ட ஒரு பெருங்கோமகவாட்சியாக அது விளங்கிற்று. ஆயினும் அதற்கெனத் தனிச் சட்டங்களும், செனற் எனப்படும் ஆட்சிச் சபையும் இருந்தன. மக்கள் தொகை ஏறக்குறைய 18 இலட்சம். முந்திய சில ஆண்டுகளிலும் விளைச்சல் பல இடங்களிற் பொய்த்திருந்தது. 1866ஆம் ஆண்டின் கோடையில் மழை விடாது பெய்தது. உருளைக்கிழங்கு நிலத்திலேயே அழுகியது. இலையுதிர் காலத்தில் றை விதைப்பதற்கும் நிலம் தகுதியாக இருக்கவில்லை. ஆகவே, 1867ஆம் ஆண்டு பிறந்தபோதே களஞ்சியங்கள் வெறுமையாகிக்கொண்டிருந்தன. மக்கள் அனைவரும் எதிர்பார்த்தது ஒன்றே: விரைவில் வரும் ஓர் இளவேனில்.

அது வரவில்லை. ஏப்பிரல் கழிந்தது, பனி உருகவில்லை. மே மாதம் பிறந்தது. தென்பகுதியிலும் குளிர் நீங்கவில்லை. அம்மாதத்தில் ஹெல்சிங்கி நகரின் சராசரி வெப்பம் செல்சியஸ் அளவில் 1.8 பாகை என்று பதிவாகியிருக்கின்றது. இது வழக்கமான அளவைவிட ஏறக்குறைய 8 பாகை குறைவு. பல இடங்களில் ஏரிகள் யூன் மாதம் வரை உறைந்து கிடந்தன. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் எல்லையாக ஓடும் தோர்னியோ ஆற்றில் ஆண்டுதோறும் பனிக்கட்டி உடையும் நாளைக் குறித்து வைக்கும் வழக்கம் 1693ஆம் ஆண்டு முதல் இருந்துவருகின்றது. மூன்று நூற்றாண்டுகளைக் கடந்த அந்தப் பதிவேட்டில், பனிக்கட்டி மிகவும் பிந்தி உடைந்த ஆண்டு 1867 ஆகும். அவ்வாண்டில் யூன் மாதத்தின் நடுப்பகுதி கழிந்த பின்னரே ஆறு விடுதலை பெற்றது.

அந்த நாட்களில் ஓர் உழவன் வீட்டில் நிகழ்ந்திருக்கக் கூடியதை எண்ணிப் பாருங்கள். வெளியே வெண்பனி. தொழுவத்திலே பசியால் அலறும் மாடு. கூரையின் கீழே வெறுங்கழி. மூலையில் விதைக்கென வைத்த ஒரு சாக்குப் பார்லி. அதனை உண்டால் பிள்ளைகள் இன்று பிழைப்பர்; ஆனால் அடுத்த ஆண்டுக்கு எதுவும் இராது. உண்ணாவிட்டால், விதைக்கும் நாள் வரும்வரை பிள்ளைகள் இருப்பரா என்பதே ஐயம். பருவம் பிந்துதல் என்று நாம் எளிதாகச் சொல்லும் சொல்லுக்கு அங்கே இதுதான் பொருள்.

யூன் மாதத்தின் பிற்பகுதியில் வெப்பம் வந்தது. மக்கள் விரைந்து விதைத்தனர். கோடை நன்றாகவே அமைந்தது, பயிர் செழித்தது. தாழ்த்தி வந்தாலும் விளைவு வந்துவிடும் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால், பிந்தி விதைத்த பயிர் முற்றுவதற்கு இன்னும் சில கிழமைகள் வேண்டியிருந்தன. செப்டெம்பர் 3ஆம் நாள் இரவு வானம் தெளிந்திருந்தது; காற்று அடங்கியிருந்தது. அன்றிரவு ஹல்லா வந்தது. விடிந்தபோது பால் பிடித்திருந்த கதிர்கள் பதராய்ப் போயிருந்தன. நாட்டின் மொத்த விளைச்சல் வழக்கமானதிற் பாதியளவாயிற்று. வடக்கிலும் கிழக்கிலும் பல ஊர்களில் எதுவுமே எஞ்சவில்லை.

ஆட்சியாளர் என்ன செய்தனர்? செனற் சபையின் நிதிப் பொறுப்பை அப்பொழுது வகித்தவர் யொஹான் வில்ஹெல்ம் ஸ்னெல்மன் என்பவர். அவர் சாதாரண அதிகாரி அல்லர், பேரறிஞர். பின்லாந்து மொழிக்கு அரசாங்கத்தில் உரிய இடம் பெற்றுக் கொடுத்தவர். நாட்டின் நாணயமான மார்க்காவை 1865ஆம் ஆண்டில் வெள்ளியின் அடிப்படையில் நிலைநிறுத்தி, ருஷ்ய ரூபிளின் வீழ்ச்சியிலிருந்து அதனைக் காத்தவர். அந்த இளம் நாணயத்தின் நன்மதிப்புக் குலைந்துவிடக் கூடாது என்பது அவரது பெருங்கவலை. தானியம் வாங்கப் பெருங்கடன் பெறுவதற்கு அவர் தயங்கினார். வணிகர் தாமாகவே தானியத்தை இறக்குமதி செய்வர் என நம்பினார். கோடை நன்றாயிருந்தமையும் அத்தயக்கத்துக்குத் துணையாயிற்று.

செப்டெம்பர் உறைபனிக்குப் பின்னரே, பிராங்போர்ட் நகரத்து றொத்சைல்ட் வங்கியிடம் அவசரக் கடன் பெறப்பட்டது. தானியமும் வாங்கப்பட்டது. ஆனால் காலம் கடந்துவிட்டது. குளிர்காலம் தொடங்கினால் பின்லாந்தின் துறைமுகங்கள் உறைந்து அடைபடும். அக்காலத்திற் பனிக்கட்டியை உடைத்துச் செல்லும் கப்பல்கள் அங்கே இல்லை. துறைமுகத்தை எட்டிய தானியத்தையும் உள்நாட்டுக்குக் கொண்டுசெல்வது எளிதாயிருக்கவில்லை. நாடு முழுவதிலும் இருந்த புகையிரதப் பாதை ஹெல்சிங்கியிலிருந்து ஹாமென்லின்னா வரை செல்லும் ஒன்றே. அதுவும் 1862ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பட்டது.

அந்தக் குளிர்காலத்தில் மக்கள் உண்டவற்றை இன்று கேட்கும்போதும் மனம் வருந்தும். பைன் மரத்தின் வெளிப்பட்டையை நீக்கி, உள்ளே இருக்கும் மென்பட்டையை உரித்து, உலர்த்தி, வறுத்து, இடித்து மாவாக்கி, றை மாவுடன் கலந்து ரொட்டி சுடுவது அந்நாட்டின் பழைய பஞ்சகால வழக்கம். அதனைப் 'பெத்து' ரொட்டி என்பர். மாவு குறையக் குறையப் பட்டையின் பங்கு கூடும். வைக்கோலையும் இடித்துக் கலந்தனர். பாறைகளிலும் நிலத்திலும் படரும் பாசி போன்ற மரப்பாசியைப் பக்குவம் செய்து உண்ணுமாறு அரசாங்கமே மக்களுக்குக் கற்பித்தது. அவற்றால் வயிறு நிரம்பியது, உடல் வலுப்பெறவில்லை.

சொந்த நிலம் உடையோர் ஒருவாறு தாங்கினர். குத்தகைக் குடிகளும், கூலியாக உணவையே பெற்று வந்த நிலமற்ற வேலையாட்களுமே முதலில் வீழ்ந்தனர். வேலை கொடுத்த வீட்டிலே உணவு இல்லை என்றதும், அவர்கள் பிள்ளைகளைச் சறுக்கு வண்டியில் ஏற்றி இழுத்துக்கொண்டு தெற்கு நோக்கி நடந்தனர். ஒஸ்த்ரோபொத்னியா, சத்தகுந்தா, ஹாமே, வடகரேலியா ஆகிய பகுதிகளின் வீதிகள் இரந்துண்போரால் நிறைந்தன. அவர்களோடு நோயும் நடந்தது. பேன் வழியாகப் பரவும் தைபசுக் காய்ச்சலும், வயிற்றுளைவும் வீடு வீடாகச் சென்றன. இரவலருக்கு இடம் கொடுத்த இரக்கமுள்ள வீடுகளுக்கும் அவை சென்றன. ஏழைகளை ஒரே கூரையின் கீழ்க் கூட்டி வைத்த புகலிடங்களிலே நோய் இன்னும் விரைவாகப் பரவியது. பசியால் நேரே இறந்தவரைவிட, பசியால் மெலிந்து நோயால் இறந்தவரே மிகப் பலர்.

சாவு உச்சநிலையை அடைந்தது குளிர்காலத்தில் அன்று. 1868ஆம் ஆண்டின் இளவேனிலில். முதல் ஆண்டின் பின்குளிர் விதைத்த துன்பம் அடுத்த ஆண்டின் இளவேனிலில் அறுவடையாயிற்று. 1868ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 138,000 மக்கள் இறந்தனர். பஞ்சகாலம் முழுவதிலும் வழக்கத்துக்கு மேலாக இறந்தோர் ஏறக்குறைய 150,000 என ஆய்வாளர் கணிக்கின்றனர். இக்கணக்கு நமக்குக் கிடைப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. சுவீடனின் ஆட்சிக் காலத்தில், 1749ஆம் ஆண்டிலேயே, ஒவ்வொரு பங்கிலும் பிறப்பு இறப்புக்களைக் குருமார் எண்ணி அறிக்கை அனுப்பும் முறை ஏற்பட்டிருந்தது. 1868இலும் அவர்கள் அந்தப் பேரேட்டை மூடவில்லை. வழியிலே கிடந்த பெயர் தெரியாத இரவலனுக்கும் அதில் ஒரு வரி கிடைத்தது.

1868ஆம் ஆண்டின் கோடை நல்ல விளைச்சலைத் தந்தது. பஞ்சம் தணிந்தது. ஸ்னெல்மன் அதே ஆண்டிற் பதவியிலிருந்து விலகினார். அவர்மீது மட்டும் பழியைச் சுமத்துவது முறையாகுமா என்று வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுகின்றனர். வறிய நாடு, குறைந்த வருமானம், தொலைவான சந்தைகள் என்பன அவர்முன் நின்ற தடைகள். அவர் காத்த நாணயம் பிற்காலத்தில் நாட்டுக்குப் பெருந்துணையாயிற்று என்பதும் உண்மை. ஆயினும், மே மாதத்திலே ஏரிகள் உறைந்து கிடந்தபோது தெரிந்த அபாயத்துக்குச் செப்டெம்பரிலே பரிகாரம் தேடியது பிந்திய செயலே. பருவமும் பிந்தியது, மனிதரும் பிந்தினர். பருவத்தைத் திருத்த இயலாது. மனிதரின் தாமதத்தைத் திருத்தலாம்.

பின்லாந்தின் பெருங்கவிஞர் ரூனெபேர்க் 1830ஆம் ஆண்டில் சுவீடன் மொழியில் வெளியிட்ட ஒரு கவிதை, பாவோ என்னும் ஏழை உழவனைப் பற்றியது. ஆண்டுக்காண்டு அவனது பயிரை வெள்ளமும், கல்மழையும், உறைபனியும் அழிக்கின்றன. அவன் மனம் தளராது பட்டை ரொட்டி உண்டு உழைக்கின்றான். இறுதியில் நல்ல விளைவு கிடைத்தும், பயிரிழந்த அயலவனுக்காகப் பட்டை ரொட்டியையே தொடர்ந்து உண்கின்றான். உயர்ந்த உள்ளத்தைக் காட்டும் கவிதை அது. அந்நாட்டு மக்கள் அதனைப் போற்றுவதிலே வியப்பில்லை. ஆனால், 1867ஆம் ஆண்டு உணர்த்திய உண்மை வேறொன்று. ஓர் ஊருக்கு உறைபனி வந்தால் அயலவன் உதவலாம். நாடு முழுவதற்கும் வந்தால் அயலவனிடம் கொடுப்பதற்கு எதுவும் இராது. அப்பொழுது பொறுமை மட்டும் போதாது. களஞ்சியம் வேண்டும், பாதை வேண்டும், முன்னறிந்து செயற்படும் அரசு வேண்டும்.

இவை ஒவ்வொன்றாகப் பின்னர் வந்தன. றீகிமாக்கியிலிருந்து சென் பீற்றர்ஸ்பேர்க் வரையிலான புகையிரதப் பாதை பஞ்சத் தொழிலாளரைக் கொண்டே அமைக்கப்பட்டு 1870ஆம் ஆண்டிற் முடிவுற்றது. அதனை அமைத்தோரில் மிகப் பலர் பசியாலும் நோயாலும் வேலைத்தலத்திலேயே மாண்டனர். தானியத்தையே நம்பியிருந்த உழவர், உறைபனிக்கு எளிதில் அழியாத புல்லையும் பாற்பசுக்களையும் நாடினர். பின்லாந்தின் வெண்ணெய் அயல்நாடுகளுக்குச் செல்லும் பொருளாயிற்று. பனிக்கட்டியை உடைத்துச் செல்லும் கப்பல்கள் வந்து, குளிர்காலத்திலும் துறைமுகங்களைத் திறந்து வைத்தன.

இன்று பின்லாந்து உலகின் வளம் மிக்க நாடுகளுள் ஒன்று. ஆயினும், நெருக்கடிக் காலத்துக்கெனப் பல மாதங்களுக்குப் போதுமான தானியத்தை அந்நாட்டு அரசு சேமித்து வைத்திருக்கும் வழக்கத்தைக் கைவிடவில்லை. மே மாதத்தில் இன்றும் சில ஆண்டுகளிற் பின்குளிர் வருகின்றது. மே தினக் கொண்டாட்டத்துக்கு வெள்ளைத் தொப்பி அணிந்து வீதிக்கு வரும் மாணவர்மீது வெண்பனி தூவுகின்றது. அவர்கள் சிரித்துக்கொண்டே குடையை விரிக்கின்றனர். அடுத்த நாள் அது உருகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். உருகாவிட்டாலும் வீட்டிலே ரொட்டி இருக்கும் என்பதும் தெரியும்.

நேயர்களே, 1867க்கும் இன்றைக்கும் இடையே பெய்யும் பனி மாறிவிடவில்லை. அதே வடகாற்று, அதே வெண்மை. ஒரு காலத்திற் சாவின் முன்னறிவிப்பாக இருந்த அது, இன்று ஒருநாட் பேச்சாகக் குறுகிவிட்டது. இடையிலே மனிதர் கட்டியெழுப்பியவையே இந்த மாற்றத்தைச் செய்தன. 'பனி கொன்றது' என்று எழுதுவது எளிது. அந்தப் பனிக்கு முன்னர் எந்தக் களஞ்சியம் வெறுமையாக இருந்தது, எந்தப் பாதை இடப்படாதிருந்தது, எந்த முடிவு பிந்தியது என்று கேட்பதே வரலாற்றைப் படிப்போரின் கடமை.